தோற்றவர்களுக்கு ஒரு பால்குடம்

இப்போதெல்லாம் யாருக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியவில்லை. கிளினிக்கில் நம்பர் கூப்பிடும் வரைக்கும் உட்காரச் சொன்னால், கைப்பேசியைச் சத்தமாக வைத்துக்கொண்டு தன் வீட்டுச் சண்டையை ஊருக்கே கேட்கக் கொடுக்கிறான். சாவு வீட்டில்கூடச் சிரிப்பு. கோல்ஃப் ஆட்டத்தில் மட்டும்தான் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று என் மனைவி மங்களம் சொல்வாள். அதுவும் போய்விட்டது. ஒருத்தன் குனிந்து பந்தைப் பார்க்கிற நேரமாகப் பார்த்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற தடியன் பீர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு கத்துகிறான். வேற்று அணிக்காரன் தவறவிட்டால் கை தட்டுகிறார்கள். அடுத்தவன் தவறியதற்குக் கை தட்டுகிறவனை நாங்கள் இருந்த தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் யாரும் வாசல்படி ஏறவிட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு கோல்ஃப் பிடிக்காது. நம்பவும் மாட்டேன். அடித்த பந்து ஆகாயத்தில் காணாமல் போகிறது. கொஞ்ச நேரம் கழித்து எங்கேயோ புல்லில் ஒரு பந்தைக் காட்டுகிறார்கள். அந்தப் பந்துதான் இந்தப் பந்து என்று யார் பார்த்தது?

ஆனாலும் நான்கு வருடமாக அதைத்தான் பார்க்கிறேன். மங்களத்துக்காக.

பத்து காஜா பக்கத்தில் இருந்த நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தை முதலாளி விற்ற பிறகு, ஈப்போவுக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வீடு வாங்கினோம். நான் ராத்திரிக் காவலுக்கு, ஜாகா வேலைக்குப் போனேன், அவள் கையுறை ஃபேக்டரிக்குப் போனாள். இருவரும் ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்த நேரத்தில் இனிப்பு நீர் வியாதி அவளைப் பிடித்துக்கொண்டது. முதலில் கண். ஆள் தெரியும், நிறம் தெரியும், சின்னதாக எதுவும் தெரியாது. பிறகு கால். பாதத்தில் உணர்ச்சியே இல்லை. போன வருடம் இடது காலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். அடுத்த தடவை விரலோடு நிற்காது என்று டாக்டர் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

முன்பு நாடகம் பார்ப்பாள். கண் மங்கிய பிறகு அதில் மிஞ்சியது அழுகைச் சத்தம்தான். ஒருநாள் ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனவள், ஓர் இடத்தில் நிறுத்தினாள். திரை முழுக்கப் பச்சை. யாரும் பேசவில்லை. ஒரு குருவி கத்தியது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், மெதுவாகக் கை தட்டல்.

"இதையே வைங்க," என்றாள். "இங்க யாரும் அழல."

அன்றைக்குப் பிடித்தது. எந்த வாரம் எந்த நாட்டில் ஆட்டம், யார் முன்னால் நிற்கிறான், யாருக்கு இடுப்பு வலி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெயர்கள் வாயில் நுழையாது. அவளே பெயர் வைத்துக்கொள்வாள். கொரியாக்காரன், தொப்பி போடாதவன், பெருமூச்சு விடுறவன். தாய்லாந்திலிருந்து வந்த குட்டையான பையன் ஒருத்தன் இருந்தான். அவன் சின்னவன். சொந்தப் பிள்ளை மாதிரி.

பந்து அவளுக்குத் தெரியாது. அதற்குத்தான் நான்.

"எங்க போச்சு?"

"புல்லுல."

"எந்தப் புல்லுலங்க? அங்க எல்லாமே புல்லுதானே?"

"நீளப் புல்லு."

"குழிக்கு எவ்வளவு தூரம் இருக்கு?"

"நம்ம கேட்டுலேருந்து வீரம்மா கேட்டு வரைக்கும்."

"அப்போ சமாளிச்சிருவான்லா."

தண்ணீரில் விழுந்தால் தண்ணீரில் என்றுதான் சொல்வேன். மணலில் விழுந்தால் மணலில். ஆட்டத்தை நம்பாவிட்டாலும் கண்ணால் கண்டதை மாற்றிச் சொல்ல மாட்டேன். டிவியில் பேசுகிற வெள்ளைக்காரனைவிட என் வாயை அவள் நம்பினாள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை வரும். ஆசியா ஒரு பக்கம், ஐரோப்பா ஒரு பக்கம். வாராவாரம் தனக்குத் தனக்கென்று ஆடுகிறவர்கள் அந்த மூன்று நாள் மட்டும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஒருத்தனுக்காக ஒருத்தன் ஆடுவார்கள்.

"இதுக்குப் பரிசுப் பணமே கிடையாதாம். சும்மா ஆடுறாங்க," என்று மங்களம் உருகுவாள்.

"சும்மா எவன் வெயில்ல நிப்பான்? சட்டை குடுத்த கம்பெனிக்காரன்கிட்ட காசு வாங்கியிருப்பான்."

"உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை?"

இந்தத் தடவை அந்தக் கோப்பை நம் நாட்டிலேயே, கோலாலம்பூர் பக்கத்து மைதானம் ஒன்றில் நடந்தது. ஷா ஆலாமில் இருக்கிற எங்கள் மகள் சரளா, அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிட்டாள். போவதற்கு முந்தின வாரம் மங்களத்தின் குதிகாலில் ஒரு புண். கட்டுப் போட்ட நர்ஸ் மிஸ்ஸி, வீட்டுக்குள்கூடச் சிலிப்பர் இல்லாமல் நடக்கக் கூடாது, தூரப் பயணம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு மங்களத்துக்குச் சோறு இறங்கவில்லை.

சரளா தோழியோடு போனாள். நாங்கள் வீட்டில் உட்கார்ந்தோம்.

கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒருத்தனுக்கு எதிராக ஒருத்தன் ஆடுகிற ஆட்டம். ஒவ்வொரு ஜோடியாக முடிந்து, சின்னவனின் ஜோடி மட்டும் மிச்சம். எல்லாம் அவன் தலையில். மங்களம் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மழை. ஈப்போ மழை தெரியுமே, மலையிலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி இறங்கும். டிவி முதலில் கட்டம் கட்டமாக உடைந்தது, பிறகு நீலத் திரையில் ஏதோ எழுத்து. அவ்வளவுதான்.

"போச்சா?"

"மழைக்கு எப்பவும் போறதுதானே. இரு, வரும்."

வரவில்லை. கைப்பேசி அடித்தது. சரளா. கூரையில் மழைச் சத்தம் காதை அடைத்ததால் சமையலறைக்குப் போய்ப் பேசினேன்.

"அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல. சொல்லு."

"தோத்துட்டோம்பா. ஒரே ஒரு பாயிண்டு. சின்னவன் கடைசிக் குழியில விட்டுட்டான். நம்ம கை நீளம்தான் இருக்கும்பா, அதப் போயி விட்டுட்டான். அங்கயே உக்காந்துட்டான். எனக்கே அழுகை வந்துருச்சு. அம்மாகிட்ட பாத்துச் சொல்லுங்க."

பாத்துச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் வந்தபோது மங்களம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அந்த நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றுமில்லை என்பது அவளுக்கு மறந்துவிட்டது போல.

"சரளாதானே? என்னாச்சுங்க? சின்னவன் போட்டுட்டானா?"

தோற்றுவிட்டார்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"சமம்."

"சமமா?"

"ஆமா. ரெண்டு பக்கமும் ஒரே பாயிண்டு. யாரும் ஜெயிக்கல, யாரும் தோக்கல."

யாருக்கும் வலிக்காத வார்த்தை என்று நினைத்தேன். மங்களம் கையைத் தட்டினாள். எழுந்தே விட்டாள்.

"முருகா! அப்போ கோப்பை நம்மகிட்டதான்!"

"எப்படி? சமம்னுதானே சொன்னேன்."

"சமம் வந்தா, போன தடவை யாரு ஜெயிச்சாங்களோ அவங்களே கோப்பைய வச்சிக்கலாம். அதான் சட்டம். போன தடவை ஜப்பான்ல நம்ம ஆளுங்கதானே ஜெயிச்சாங்க! எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உங்களுக்கு? காதுலயே வாங்குறதில்ல."

இது என்ன சட்டம்? சமம் என்றால் ஆளுக்குப் பாதி அறுத்துக் கொடுக்க வேண்டியதுதானே? அவள் சாமி படத்துக்கு நேராகத் திரும்பியிருந்தாள்.

"நான் நேந்துகிட்டேங்க. கோப்பை நம்மகிட்ட நின்னா, இந்தத் தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுக்கிறேன்னு. புந்தோங் கோயில்லேருந்து கல்லுமலைக் கோயிலுக்கு. செருப்பில்லாம."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா விடுவீங்களா?"

தைப்பூசம் நெருங்கிவிட்டிருந்தது. குதிகால் புண் அப்போதுதான் வாய் மூடத் தொடங்கியிருந்தது.

அன்று இரவே மறுபடி சரளாவுக்கு போன் பண்ணி, அம்மாகிட்ட ஒன்றும் சொல்லாதே என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. "நீங்களே சொல்லுங்கப்பா. நான் பொய்யும் சொல்ல மாட்டேன், உண்மையும் சொல்ல மாட்டேன். உங்க பாடு."

டிவியில் மறு ஒளிபரப்பு போடுவார்களே, அதற்காக டிஷ்ஷுக்குள் மழைத் தண்ணீர் போய்விட்டது என்று இன்னொன்று சொன்னேன். ஒயரைப் பின்னால் கழற்றிவிட்டேன். வீடு அமைதியாகிவிட்டது. அந்த வாரம் எங்கேயோ பாலைவன ஊரில் ஆட்டம். அவள் காலையில் எழுந்ததும், "இன்னிக்கு எடுக்குமா டிவி?" என்று கேட்பாள். ரிப்பேர் பண்ணுகிற ஆள் வரவில்லை என்பேன். சும்மா உட்கார்ந்திருப்பாள், கை மடியில். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

விரதம் தொடங்கிவிட்டாள். பாயில் படுக்கை. மீன் இல்லை, முட்டை இல்லை. கோயிலில் பெயர் கொடுத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு வீரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள்.

"அண்ணே, அக்கா கோல்ஃபுக்கா பால்குடம் எடுக்கிறாங்க? பரீட்சைக்கு எடுப்பாங்க, புள்ள வரம் கேட்டு எடுப்பாங்க. பந்துக்குமா எடுப்பாங்க?"

"அவகிட்டயே போயி கேளு."

"கேட்டேன்லா. 'ஒம்மவன் பாஸ் பண்ணதுக்கு நீ எடுக்கலியா? சின்னவனும் எனக்கு மவன்தான்'னாங்க."

நான் மங்களத்திடம் சண்டை போட்டுப் பார்த்தேன். "காலு போயிரும்டி. டாக்டர் சொன்னது மறந்துருச்சா?"

"முருகன் பாத்துக்குவான்."

"முருகனா வந்து கட்டுப் போடுவான்?"

"வாயக் கழுவுங்க மொதல்ல."

உண்மையை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் எல்லாம் நின்றுவிடும். அது எனக்குத் தெரியாதா? ஆனால் அதற்குப் பிறகு அவளுக்குப் பந்து எங்கே என்று யார் சொல்வது? யார் சொன்னால் நம்புவாள்? இருப்பது நான் ஒருத்தன். அவள் காலைப் பார்ப்பதா, அவள் என் வாயை நம்புவதைப் பார்ப்பதா என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன்.

ஒரு காலை. நான் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். மங்களம் முன்வாசல் சிமெண்டில், கார் நிற்கிற இடத்தில், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். சிலிப்பர் ஓரமாகக் கிடந்தது. தலையில் குடத்தைப் பிடித்துத் தாங்குகிற மாதிரி வெறுங்கையைத் தூக்கி வைத்திருந்தாள். குதிகாலில் போட்ட கட்டையும் அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"பழகிப் பாக்கிறேங்க. வலியே இல்ல பாருங்க," என்றாள் சந்தோஷமாக.

நான் தரையைப் பார்த்தேன். அவள் நடந்த இடமெல்லாம் குதிகால் அளவுக்குச் சிவப்பு. ஒன்று, அதற்கடுத்து ஒன்று, திரும்பிய இடத்தில் இழுபட்டு. அவளுக்கு அது தெரியவும் இல்லை, வலிக்கவும் இல்லை.

ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். பாதத்தை என் மடியில் தூக்கி வைத்துத் துண்டால் அழுத்தினேன். துண்டு நனைந்தது.

"என்ன? தண்ணியா?"

"ரத்தம்."

அவள் குனிந்து துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"மங்களம். தோத்துட்டாங்க."

"யாரு?"

"நம்ம ஆளுங்க. சமமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னிக்கே தோத்துட்டாங்க. ஒரு பாயிண்டுல. நான்தான் மாத்திச் சொன்னேன்."

வீரம்மா வீட்டு ரேடியோவில் யாரோ பாட்டுக்கு நடுவில் நேரம் சொன்னார்கள். மங்களம் என் முகம் இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"சின்னவன் என்ன பண்ணான்?"

சொன்னேன். கை நீளத் தூரம் என்றேன். விட்டுவிட்டான், அங்கேயே உட்கார்ந்துவிட்டான் என்றேன். எதையும் விடவில்லை.

"கூட இருந்தவங்க?"

"சரளா சொன்னா, மத்தவனுங்க எல்லாம் ஓடி வந்து தூக்கி நிறுத்தினானுங்களாம். அந்த ஐரோப்பாக்காரனும் தோள்ல கை போட்டானாம்."

அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. "பாவம். அவங்கம்மா பாத்துக்கிட்டு இருந்திருப்பா," என்றாள். கொஞ்ச நேரம் அவனுக்காக அழுதாள். நான் பாதத்தை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டிஷ்ஷு?"

"நல்லாத்தான் இருக்கு. ஒயர நான்தான் கழட்டினேன்."

"இனிமே நீங்க குழியில விழுந்துச்சுன்னா நான் எப்படிங்க நம்புறது? சொல்லுங்க. எனக்கு வேற கண்ணு இருக்கா?"

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வாடகைக் காரைக் கூப்பிட்டு வந்தேன். கிளினிக்கில் மிஸ்ஸி என்னையும் சேர்த்துத் திட்டினாள். புண் ஆறுகிற வரைக்கும் கால் தரையில் படக் கூடாது என்றாள். திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது மங்களம் சொன்னாள்.

"கோயில்ல பேரு குடுத்தாச்சு. பால்குடம் போகணும்."

"தோத்தவனுக்கு எவ எடுப்பா பால்குடம்? கோப்பையே இல்லையே."

"கோப்பை இருக்குன்னு யாரு சொன்னா?"

"நான்."

"அப்போ நீங்க தூக்குங்க."

நான் கோயிலுக்கு வாசல் வரைக்கும் போகிற ஆள். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும், உண்டியல் எங்கே போகிறது என்றும் ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கும் மீன் இல்லை, முட்டை இல்லை. டிவி ஒயரைத் திரும்ப மாட்டினேன். ஆட்டம் வந்தது. அவள் பந்து எங்கே என்று என்னிடம் கேட்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தைப்பூசத்தன்று சரளா வந்து அம்மாவைச் சக்கர நாற்காலியில் கல்லுமலை அடிவாரத்துக்குக் கூட்டிப் போனாள். நான் மஞ்சள் வேட்டியோடு புந்தோங்கில் செம்பைத் தலையில் ஏற்றினேன். முன்னால் உறுமி, பின்னால் விசில், பக்கத்தில் என் பேத்தி வயதில் ஒரு பெண் சின்னக் குடத்தோடு. தார் ரோடு சுட்டது. ஒவ்வொரு அடிக்கும் என் குதிகால் எரிந்தது. அவளாக இருந்தால் இந்தச் சூடு தெரியாமலே நடந்திருப்பாள், தோல் உரிந்துகொண்டு வந்திருக்கும் என்று நினைத்ததும் என் கால் தானாக வேகமாக நடந்தது.

அடிவாரத்தில் மங்களம் தண்ணீர்ப் பந்தலுக்குக் கீழே இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததா, என் இருமல் தெரிந்ததா, கையைத் தூக்கினாள்.

"சின்னவன் பேருக்குச் சொல்லுங்க! மறந்துறாதீங்க!"

உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு போனேன். பாலை வாங்கிக்கொண்ட பூசாரிக்கு நிமிர நேரமில்லை.

"பேரு, நட்சத்திரம்?"

சின்னவன் பெயர் வாயில் நுழையாது. அவன் நட்சத்திரத்துக்கு நான் தாய்லாந்துக்கா போவது?

"சீக்கிரம்லா அண்ணே," என்றான் பின்னால் நின்றவன்.

"மங்களம்," என்றேன். "பூரட்டாதி." கால் ஆறணும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அது பூசாரிக்குக் கேட்டிருக்காது.

வெளியே வந்து காலிச் செம்பை அவள் மடியில் வைத்தேன். விபூதியை அவள் நெற்றியில் சரளா பூசிவிட்டாள்.

"சின்னவன் பேருக்குத்தானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் பொய் என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. சரளா என்னைப் பார்த்தாள்.

"இல்ல. உன் பேருக்கு. உன் காலுக்கு."

"அய்யய்யோ! அவனுக்குன்னு நேந்தது. அப்புறம் அடுத்த தடவை அவன் எப்படிப் போடுவான்?"

"பயிற்சி பண்ணட்டும்."

அவள் என்னைக் கண்டபடி ஏசினாள். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏசி முடித்துவிட்டுக் கையை நீட்டினாள். பிடித்துக்கொள்ளத் தோளைக் கேட்கிறாள் என்று நினைத்தேன், அவள் குனிந்து என் பாதத்தைத் தடவினாள்.

"கொப்புளமாங்க?"

"ஆமா."

"பெருசா?"

"ஒண்ணு பெருசு. மத்தது சின்னது."

"சரி," என்றாள். நம்பிவிட்டாள். "ரெண்டு வருசம் இருக்கு. ஜெயிப்பானுங்க, பாருங்க. நீங்க தூக்கினது வீண் போகாது."

செருப்பை மாட்டிக்கொண்டு சரளாவின் கார் நின்ற பக்கம் நடந்தேன். ஈப்போவில் ஒரு கிழவன் செம்புப் பாலைச் சுமந்தால், எங்கேயோ ஒருத்தன் தட்டுகிற பந்துக்கு அது எப்படித் தெரியும்? அது நடக்கிற காரியமா? நான் நம்பவில்லை. நொண்டிக்கொண்டே நடந்தேன்.